புது நெல்லுக்கு வில்லங்கம் பார்த்தாச்சா?

கமலா என்று ஒரு நெல். பூசா டிஎஸ்டி நெல் 1 என்று இன்னொன்று. 2025 மே 4-ஆம் தேதி தில்லியில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் இரண்டையும் அறிவித்தார். மரபணுத் திருத்தம் செய்த நெல் ரகங்களை உலகிலேயே முதலில் உருவாக்கியது நாம்தான் என்று அரசுத் தரப்பில் பெருமையாகச் சொன்னார்கள். பரிந்துரைக்கப்பட்ட மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் புதுச்சேரியும் இருக்கின்றன. ஆகவே இது எங்கேயோ நடக்கிற சங்கதி இல்லை. நம்ம களத்துமேட்டுக்கு வரப்போகிற நெல்.

அறிவிப்பு வந்த நாளிலிருந்து நம் இயக்க நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இதைப் பற்றி வருவதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் 'பி.டி. கத்தரிக்காய் கொல்லைப்புறமாக வந்துவிட்டது' என்கிறார்கள். 'இதைச் சாப்பிட்டால் புற்றுநோய் வரும்' என்று ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. இன்னொரு பக்கம், பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னிடமே கேட்கிறார்: "மேனேஜர் சார், கமலா விதை எப்ப சார் கிடைக்கும்? இருபது நாள் முன்னாடியே அறுக்கலாமாமே?"

இரண்டு தரப்புக்கும் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. வங்கியில் நான் பார்த்த வேலையில் பாதிக்கு மேல் கிராமக் கிளைகளில், விவசாயக் கடன் மேசையில். நிலம் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், பார்ட்டி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் பேனாவைத் திறக்கக் கூடாது என்பது அந்த மேசையின் முதல் பாடம். நிலம் நல்ல நிலமா என்பது ஒரு கேள்வி. அது யாருடையது, யாருக்கெல்லாம் அதில் பாத்தியதை இருக்கிறது என்பது வேறு கேள்வி. இந்த நெல் விஷயத்தில் நாம் முதல் கேள்வியிலேயே நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது கேள்வி நம் கூட்டங்களில் எழுவதே அபூர்வம். எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது.

முதலில் இது என்ன என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். எதிர்க்கிற விஷயத்தைத் தப்பாகச் சொன்னால், எதிரே இருக்கிற விஞ்ஞானி அந்தத் தப்பை மட்டும் பிடித்துக்கொண்டு நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

பி.டி. பருத்தியில், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை எடுத்துப் பருத்திக்குள் வைத்தார்கள். அது வெளியிலிருந்து வந்த சரக்கு. கமலாவில் அப்படி எதுவும் கடைசியில் தங்கவில்லை என்கிறார்கள். இங்கே நடப்பது வெட்டுவேலை. பாக்டீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரஸை அடையாளம் கண்டு வெட்டிப்போட ஒரு தற்காப்பு ஏற்பாடு வைத்திருக்கின்றன. அதற்குப் பெயர் கிரிஸ்பர். அதையே ஒரு கத்தரிக்கோலாக்கி, டிஎன்ஏவில் வேண்டிய இடத்தில் வெட்டலாம் என்று 2012-இல் காட்டியவர்கள் எமானுவேல் சார்பென்டியே, ஜெனிபர் டவுட்னா என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள். 2020-இல் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

கமலாவின் தாய் பிபிடி 5204. சம்பா மசூரி என்பார்கள். நம் பக்கத்துக் கடைகளில் ஆந்திரா பொன்னி. ஐதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதில் ஒரு மரபணுவை வெட்டித் திருத்தியிருக்கிறது. பயிரின் வளர்ச்சியைத் தூண்டும் சைட்டோகைனின் என்ற பொருளைச் சிதைப்பது அந்த மரபணுவின் வேலை. அந்த வேலையை முடக்கினால் சைட்டோகைனின் மிஞ்சும், கதிரில் மணி கூடும். இது புதிதாகக் கண்டுபிடித்த ரகசியமும் இல்லை. ஜப்பானில் ஹபடாகி என்ற ரகத்தில் இதே மரபணு இயற்கையாகவே மந்தமாக இருப்பதையும், அதனால் மணி கூடுதலாகப் பிடிப்பதையும் 2005-லேயே எழுதிவிட்டார்கள்.

பூசா டிஎஸ்டி, தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. தாய் எம்டியு 1010. இலைத்துளைகள் திறந்து மூடுவதைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவை அதில் திருத்தியிருக்கிறார்கள். துளை இறுக மூடினால் தண்ணீர் ஆவியாவது குறையும். வறட்சியையும் உப்பையும் தாங்கும்.

அரசு சொல்லும் கணக்கு இது: சம்பா மசூரி ஹெக்டேருக்கு சராசரி 4.5 டன், கமலா 5.37 டன், 19 சதவீதம் கூடுதல். வயது சுமார் 130 நாள். தாயைவிட 15 முதல் 20 நாள் குறைவு. பூசா டிஎஸ்டி கடலோர உவர் நிலத்தில் 2,493 கிலோ, அதன் தாய் 1,912 கிலோ. இந்தக் கணக்கு சரியில்லை, அகில இந்திய நெல் ஆராய்ச்சித் திட்டத்தின் ஆண்டறிக்கைகளையே பார்த்தால் இந்த அளவு மிச்சம் தெரியவில்லை என்று மரபணு மாற்றுப் பயிர்களை எதிர்க்கும் கூட்டமைப்பினர் 2025 அக்டோபரில் கேள்வி எழுப்பினார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் அதை மறுத்தது. வயல்வாரி, ஆண்டுவாரித் தரவை முழுசாகப் பொதுவில் வைத்துவிட்டால் இந்தச் சண்டை ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். பேலன்ஸ் ஷீட்டைக் காட்டாமல் லாபத்தை மட்டும் சொல்லுகிற கம்பெனிக்கு எந்த வங்கியும் கடன் கொடுப்பதில்லை.

ஆனால் ஒன்று. வண்டியை நிறுத்திக் கேட்டாரே அந்தத் தம்பி, அவர் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. மேட்டூரில் தண்ணீர் வற்றிய வருஷத்தில், தை மாதத்துக் கடைமடையில், இருபது நாள் என்பது கதிர் பால் பிடிப்பதா, சாவியாகப் போவதா என்ற வித்தியாசம். அவரிடம் போய் 'புற்றுநோய் வரும்' என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அவர் சிரிப்பதில் நியாயமும் இருக்கிறது. அந்தக் குரல் பதிவுக்கு ஆதாரம் என்று யாரும் எதையும் காட்டவில்லை. நம் பேச்சில் இப்படி ஒரு பொய் கலந்துவிட்டால், அடுத்து நாம் சொல்லும் நாலு உண்மையையும் அவர் கேட்க மாட்டார்.

இன்னொன்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். விதையின் மேல் கதிர்வீச்சைப் பாய்ச்சி, டிஎன்ஏவைக் கண்டபடி உடைத்து, அதில் நல்லதாக வந்ததைப் பொறுக்கி எடுக்கும் முறை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 1960-களில் மெக்சிகோ கோதுமையின் சிவப்பு நிறத்தை மாற்றி சர்பதி சொனோரா வந்தது அப்படித்தான். டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தின் டிஏஜி 24 நிலக்கடலைக்கும் அந்த வழிதான் மூலம். நம்மில் பலர் அதைப் போட்டிருக்கிறோம், வறுத்தும் தின்றிருக்கிறோம். அவற்றுக்கெல்லாம் தனியாக உயிரிப் பாதுகாப்புச் சோதனை கேட்டதில்லை. 'அதைவிட இது துல்லியமான வெட்டு, இதற்கு மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?' என்று விஞ்ஞானிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

என்னுடைய பதில்: கத்தி துல்லியமாக இருக்கலாம். ஆனால் ஒரு மரபணு ஒரே ஒரு வேலையை மட்டும் செய்வது அபூர்வம். இலைத்துளையை மூடுகிற மாற்றம் வெக்கை நாளில் பயிரை என்ன செய்யும்? குலை நோய், இலையுறைக் கருகல், புகையான் வந்தால் எப்படித் தாங்கும்? வைக்கோலை மாடு தின்னுமா? இதையெல்லாம் பல மண்ணில், பல வருஷம் போட்டுத்தான் பார்க்க முடியும். அதை யார் பார்ப்பது என்பதில்தான் எனக்கு முரண்பாடு. 2022 மார்ச் 30-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது. வெளி மரபணு இல்லாத இந்த வகைத் திருத்தங்களுக்கு, 1989-ஆம் ஆண்டு விதிகளில் 7 முதல் 11 வரை உள்ளவற்றிலிருந்து விலக்கு. அதாவது பி.டி. கத்தரி போய் நின்ற மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் வாசலுக்கே இது போக வேண்டியதில்லை. விதையை உருவாக்குகிற நிறுவனத்திலேயே உள்ள உயிரிப் பாதுகாப்புக் குழு பார்த்துச் சொன்னால் போதும். உயிரித் தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதி ஒருவர் அந்தக் குழுவில் இருப்பார் என்பது உண்மைதான். இருந்தாலும் கடன் கொடுத்த கிளையிலேயே உட்கார்ந்து அதே கிளையின் ஆட்கள் தணிக்கை எழுதுவது மாதிரிதான் இது. எந்த மேனேஜரும் திருடன் என்று சொல்லவில்லை. ஆனாலும் வங்கிகள் வெளியிலிருந்துதான் தணிக்கையாளரை அனுப்புகின்றன.

சரி, பத்திரத்துக்கு வருவோம்.

கிரிஸ்பர்-காஸ்9 என்ற கத்தரிக்கோல் நம்முடையது இல்லை. அது யாருடையது என்று அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத் தரப்பும் பிராட் இன்ஸ்டிட்யூட்டும் வருஷக்கணக்கில் வழக்காடின. விவசாயப் பயன்பாட்டுக்கு உரிமம் கொடுக்க பிராட் இன்ஸ்டிட்யூட்டும், இன்று கோர்ட்டேவா என்று பெயர் மாறியிருக்கும் டூபான்ட் பயனியர் விதைக் கம்பெனியும் 2017-லேயே கை கோத்துக்கொண்டன. ஏற்பாடு எப்படி என்றால், கல்வி நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினால் காசு வேண்டாம். வியாபாரத்துக்கு என்றால் உரிமம் வாங்க வேண்டும். ஐதராபாத் வயலில் போட்டுப் பார்த்தது ஆராய்ச்சி. மூட்டையில் கட்டி விற்றால் அது வியாபாரம்.

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவுப்படி செடிக்கும் விதைக்கும் ரகத்துக்கும் காப்புரிமை கிடையாது. நல்ல சட்டம். ஆனால் விதையைச் செய்த கருவிக்கும் முறைக்கும் காப்புரிமை கேட்க முடியும். வீடு உன்னுடையது, ஆனால் உள்ளே போகும் பாதை அடுத்தவன் பட்டாவில் இருக்கிறது என்றால் என்ன ஆகும்? பாதை வழக்கு எத்தனை தலைமுறை ஓடும் என்பது கிராமத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது வெறும் பயமா? 2019-இல் குஜராத்தில் உருளைக்கிழங்கு போட்ட விவசாயிகள் மேல் பெப்சிகோ கம்பெனி வழக்குப் போட்டது. தங்கள் சிப்ஸுக்காகப் பதிவு செய்த எஃப்எல் 2027 ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டார்களாம். சிறு விவசாயிகள் நாலு பேரிடம் தலா 1.05 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டார்கள். நாடு முழுக்கச் சத்தம் எழுந்ததும் அதே வருஷம் மே மாதம் வழக்கை வாபஸ் வாங்கினார்கள். 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவையே பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையம் ரத்து செய்தது. கதை அங்கே முடியவில்லை. ரத்து செய்தது சரி என்று 2023-இல் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னார்; 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. இத்தனைக்கும் 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு நம் பக்கம் பலமாக இருக்கிறது. விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம். கம்பெனிப் பெயர் போட்ட பாக்கெட்டாக மட்டும் விற்கக் கூடாது. இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும் உருளைக்கிழங்குக்காரர் கோர்ட் வாசலில் நின்றார்.

பருத்தியில் நடந்ததும் நினைவிருக்கும். 2002-க்குப் பிறகு பி.டி. பருத்தி விதை 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. அதில் பெரும்பங்கு விதைக்கான விலை இல்லை, தொழில்நுட்பத்துக்கான கட்டணம். 2006-இல் ஆந்திர அரசு வழக்காடித்தான் 750 ரூபாய்க்கு இறங்கியது. அந்தக் கட்டணம் அடியோடு நீங்கியது 2020-இல். பயிர்க்கடன் கொடுக்கும்போது விதைச் செலவு என்று ஒரு பத்தி எழுதுவோம். அந்தப் பத்தியில் யாருடைய காப்புரிமை உட்கார்ந்திருக்கிறது என்று அந்த நாட்களில் எந்தப் படிவமும் கேட்டதில்லை.

ஆக, கமலாவையும் டிஎஸ்டியையும் உழவருக்குக் கொடுப்பதற்கு முன்னால் கத்தரிக்கோலுக்கு யாரிடம், என்ன விலைக்கு, எத்தனை வருஷத்துக்கு உரிமம் வாங்கப்பட்டது என்ற பத்திரத்தைப் பொதுவில் வைக்க வேண்டும். அறுவடை செய்த நெல்லை எடுத்து அடுத்த வருஷம் நான் விதைத்தால், பக்கத்து வயல்காரருக்கு இரண்டு மரக்கால் கொடுத்தால், யாரும் என் மேல் கை வைக்க முடியாது என்று எழுத்தில் வேண்டும். அமைச்சரின் மேடைப் பேச்சில் வந்தால் போதாது.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் டிஎன்பிபி என்ற வேறொரு சின்னப் புரதத்தைக் கத்தரிக்கோலாகப் பயன்படுத்தும் முறையை உருவாக்கி, இந்தியக் காப்புரிமையும் பெற்றிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பாதைக்குப் பதில் நம் மனையிலேயே ஒரு வாசல். இந்த வேலையை நான் மனசாரப் பாராட்டுவேன். நம் இயக்கத்தில் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை. ஆனால் பொதுப் பணத்தில் வந்த அந்தக் காப்புரிமை எந்தத் தனியார் விதைக் கம்பெனிக்கு எந்த நிபந்தனையில் போகப்போகிறது என்ற கேள்வி அங்கேயும் உண்டு.

இனி நமக்கு மட்டுமே உரிய பிரச்சினை. இயற்கை வேளாண் சான்றிதழ். தேசிய அங்கக உற்பத்தித் திட்டமானாலும், நம்மில் பலர் குழுவாக வைத்திருக்கும் பிஜிஎஸ் சான்றானாலும், மரபணு மாற்று விதை கூடாது என்பது அடிப்படை விதி. இப்போது அரசு 'இது மரபணு மாற்றுப் பயிர் கணக்கில் வராது' என்கிறது. அப்படியென்றால் கமலா போட்ட வயலுக்கு இயற்கைச் சான்று கிடைக்குமா? கிடைக்கும் என்றால் நம் அரிசியை நம்பி வாங்குகிறவரிடம் என்ன சொல்வது? கிடையாது என்றால், என் தூயமல்லியில் கமலா கலந்திருக்கிறதா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

கலப்பு என்றதும் மகரந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கிற பயிர். சான்று விதை உற்பத்திக்கே மூன்று மீட்டர் இடைவெளிதான் கேட்கிறார்கள். நம் ஊரில் கலப்பு காற்றில் வருவதில்லை, அறுவடை மெஷினில் வருகிறது. பக்கத்து வயலை அறுத்துவிட்டு நேராக நம் வயலில் இறங்குகிற மெஷினின் தொட்டியிலும் திருகிலும் தங்கியிருக்கிற நெல் ஒன்றிரண்டு மணி இல்லை; கிலோக் கணக்கு. என்னுடைய பத்து மாவில் விதைக்கென்று ஒதுக்கிய ஒரு மாவை இன்றைக்கும் ஆள் வைத்துத்தான் அறுக்கிறேன், கூலி கட்டுப்படி ஆகாவிட்டாலும். அப்புறம் களம், சாக்கு, நெல் அவிக்கிற இடம், அரவை மில். ஒவ்வொரு இடத்திலும் கலக்கும்.

அதோடு பெயர் ஓடுகிற ஓட்டம். பிபிடி 5204 என்ற நெல் பாபட்லாவிலிருந்து கிளம்பி நம்ம ஊர் வரும்போது ஆந்திரா பொன்னி ஆகிவிட்டது. கமலா வீரிய ஒட்டு ரகம் இல்லை. எடுத்து வைத்து விதைக்கலாம். ஆகவே முதல் வருஷம் மூட்டையில் சீட்டு இருக்கும். இரண்டாம் வருஷம் மச்சான் வீட்டு விதை. மூன்றாம் வருஷம் அதற்கு 'குறுவைப் பொன்னி' என்றோ 'புதுப் பொன்னி' என்றோ யாராவது பெயர் வைத்துவிடுவார்கள். அதனால்தான் தொடக்கத்திலேயே கட்ட வேண்டும் என்கிறேன். வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம் என்று ஏற்கெனவே ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த அட்டையில் 'மரபணுத் திருத்தம் செய்த ரகம்' என்று ஒரு வரி சேர்க்க அச்சுச் செலவு எவ்வளவு ஆகிவிடும்? உண்மைநிலை விதைக்கும் அதே வரி. அதோடு அந்த ரகத்தை அடையாளம் காணும் டிஎன்ஏ சோதனை முறையைப் பொதுவில் வைத்து, ஒவ்வொரு மாவட்ட விதைப் பரிசோதனை நிலையத்திலும் நியாயமான கட்டணத்தில் செய்து தர வேண்டும்.

நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் ஐரோப்பாவைக் காட்டுங்கள். 2025 டிசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளின் அவையும் இதே விஷயத்தில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. எளிய திருத்தம் செய்த பயிர்களைச் சாதாரணப் பயிர் மாதிரியே நடத்தலாம் என்று அவர்களும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். கடையில் விற்கும் உணவுப் பொட்டலத்தில் எழுத வேண்டாம் என்றும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஆனால் விதை மூட்டையில் எழுத வேண்டும், இயற்கை வேளாண்மையில் பயன்படுத்தக் கூடாது, என்ன காப்புரிமை இருக்கிறது என்ற விவரத்தைப் பொதுப் பதிவேட்டில் தர வேண்டும் என்ற மூன்றையும் வைத்துக்கொண்டார்கள். அங்கே இருக்கிற இயற்கை உழவர்கள் வருஷக்கணக்கில் கத்தியதால் கிடைத்தது இது. மூன்றாவதாகச் சொன்னேனே, அதுதான் நான் கேட்கிற வில்லங்கச் சான்று.

வில்லங்கத்துக்கு அடுத்து மூலப்பத்திரம். கமலாவின் பத்திரத்தை ஒவ்வொன்றாகப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். கமலாவுக்கு முன்னால் பிபிடி 5204. பிபிடி 5204-இன் பெற்றோர் மூன்று: தைவானின் டிஎன்1, மலேசியாவில் உருவான மசூரி, மூன்றாவதாக ஜிஇபி 24. இந்த ஜிஇபி 24 யார் என்று நினைக்கிறீர்கள்? நம்ம கிச்சிலிச் சம்பா. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1921-இல் வெளிவந்தது. அதற்கும் பின்னால் போனால் கோணாமணி என்ற நாட்டு நெல். அந்த நெல்லில் தானாக ஏற்பட்ட ஒரு மாற்றத்தைக் கண்டு தேர்ந்தெடுத்ததுதான் ஜிஇபி 24. அந்தக் கோணாமணியை அதற்கு முன் எத்தனையோ தலைமுறையாக விதைத்து, பொறுக்கி, பத்திரப்படுத்தி வைத்திருந்தது சென்னை மாகாணத்து உழவன். இன்றைக்கு உலக முதல் என்று அறிவிக்கப்படுகிற நெல்லின் பாட்டி நம் வீட்டுப் பெண் என்றுதானே இதற்கு அர்த்தம்?

இது ஒரு நெல்லின் கதை மட்டும் இல்லை. வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கிற ஸ்வர்ணா சப்1 ரகம் 2009-இல் வந்தது. அந்தக் குணத்தைக் கொடுத்தது எஃப்ஆர் 13ஏ என்ற ஒடிசா நாட்டு நெல். உப்பைத் தாங்கும் குணத்துக்கு உலக விஞ்ஞானிகள் தேடிப் போனது கேரளத்துப் பொக்காளி. மழைக்காலத்தில் உப்பு கழுவிப்போனதும் மண்மேடு கட்டி நெல், அறுவடைக்குப் பிறகு அதே வயலில் இறால் என்று ஒரு முறையோடு சேர்ந்து வளர்ந்த நெல் அது. அதன் உப்புத் தாங்கும் திறன் ஒற்றை மரபணுவில் இல்லை. பல மரபணுக்கள் கூட்டாகச் செய்யும் வேலை. 1970-களில் ஆசியா முழுக்க நெல்லைக் குட்டைப் புல் வைரஸ் தாக்கியபோது, பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். எதிர்ப்புச் சக்தி கிடைத்தது உத்தரப் பிரதேசத்திலிருந்து சேகரித்த ஒரே ஒரு காட்டு நெல் மாதிரியில். அந்த ஒரு மாதிரியை யாராவது களை என்று பிடுங்கிப் போட்டிருந்தால் ஐஆர் 36 இல்லை.

கத்தரிக்கோல் எவ்வளவு கூர்மையானாலும் வெட்டுவதற்குத் துணி வேண்டும். அந்தத் துணி யாரிடம் இருக்கிறது என்பது கம்பெனிகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். டாக்டர் ரிச்சாரியா சத்தீஸ்கர் கிராமங்களில் அலைந்து திரட்டிய நெல் ரகங்களை அடித்தளமாகக் கொண்டு ராய்ப்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 22,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் இருக்கின்றன. 2002-இல் சின்ஜென்டா கம்பெனி அதை எட்டிப் பிடிக்க ஓர் ஒப்பந்தம் போடப் பார்த்தது. விஷயம் வெளியே வந்ததும் உழவர்களும் மக்களும் தெருவில் இறங்கினார்கள், கம்பெனி பின்வாங்கியது. லாக்கர் சாவியைக் கேட்டவனை வாசலோடு அனுப்பிய சம்பவம் என்று அதை என் பேரனுக்குச் சொல்வேன்.

லாக்கரில் மட்டும் வைத்தால் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குளிர் அறையில் உறங்கும் விதை, போட்ட வருஷத்துக் காலநிலையோடு நின்றுவிடுகிறது. வயலில் இருக்கும் விதை வருஷா வருஷம் புது வெக்கையையும் புது பூச்சியையும் பார்க்கிறது. திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் செய்தது இந்த வேலைதான். நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை கொடுப்பார். அடுத்த வருஷம் நாலு கிலோ திருப்பித் தர வேண்டும். கடன் மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் இன்றுவரை ஆச்சரியம். நூற்றுக்கு நூறு வட்டி, அடமானம் கிடையாது, ஜாமீன் கையெழுத்து கிடையாது, இருந்தும் 170-க்கு மேற்பட்ட ரகங்கள் ஊர் ஊராகப் பரவின. 2004 சுனாமியில் நாகப்பட்டினத்து வயல்களில் உப்பு ஏறியபோது, நம்மாழ்வார் ஐயாவும் தோழர்களும் மண்ணைத் திருத்த இறங்கினார்கள். உவர் நிலத்துக்கென்றே நம்மிடம் குழியடிச்சானும் களர்பாலையும் இருந்தன, இருக்கின்றன. ஆகவே பூசா டிஎஸ்டியைக் கடலோர உவர் நிலத்தில் சோதிக்கும்போது எம்டியு 1010-ஓடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. உப்பு தாங்காத தாயோடு போட்டி வைத்தால் மகள் ஜெயிக்கத்தான் செய்வாள். பக்கத்துப் பாத்தியில் குழியடிச்சானையும் பொக்காளியையும் நட்டு, செலவுக் கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டட்டும். அதற்கு நம் உழவர்களே நிலம் கொடுப்பார்கள், நானும் கொடுக்கிறேன்.

பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்திலேயே, ரகத்தின் மூலத்தைப் பாதுகாத்த சமூகங்களுக்குப் பங்கு தர தேசிய மரபணு நிதி என்று ஒன்று இருக்கிறது. ஆந்திரா பொன்னியின் மகள் விற்பனைக்கு வரும்போது, அந்த நிதிக்கு என்ன போகிறது, அதிலிருந்து விதை காக்கும் குழுக்களுக்கு என்ன வருகிறது என்றும் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்துக்கு அனுப்ப ஐந்து கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன்: கத்தரிக்கோல் உரிமத்தின் நகல், வயல் சோதனைத் தரவு முழுவதும், உயிரிப் பாதுகாப்புக் குழுவின் கூட்டக் குறிப்பு, விதை அட்டையில் எழுதுவது பற்றிய முடிவு, அடையாளச் சோதனை முறை. இயற்கைச் சான்று பற்றிய ஆறாவது கேள்வி வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்துக்குத் தனியாகப் போக வேண்டும். கட்டணம் 10 ரூபாய், தமிழிலேயே எழுதலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். உரிம நகலுக்கு 'வணிக ரகசியம்' என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன். பொது நலன் பெரிது என்றால் அதையும் தரலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது. முதல் மேல்முறையீட்டுக்கு மறுப்பு வந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு. கேள்விகளின் பிரதி இயக்க அலுவலகத்தில் இருக்கிறது. ஒருவர் அனுப்பினால் ஒரு கடிதம். மாவட்டத்துக்கு இருபது பேர் அவரவர் பெயரில் அனுப்பினால் அங்கே ஒரு கோப்பு திறந்தாக வேண்டும். மேல்முறையீட்டு மனு எழுத வேண்டி வந்தால் என்னிடம் அனுப்புங்கள், எழுதித் தருகிறேன். வங்கியில் கற்ற கை, இன்னும் மறக்கவில்லை.